வெள்ளைக் கட்டையில் மிதக்கும் புள்ளி

வெயில் சாய்ந்ததும் அஸுவா ஊரின் மூலைக்கடை வாசலில் டொமினோ ஆட மேசையைப் போட்டுவிடுவார்கள். ரேடியோ ஒரு பக்கம் அலறும், ஊர்வம்பு மறுபக்கம். பஸ் ஓட்டும் எலிஹியோவும் அவர் நண்பர் பாசிலியோவும் ஜோடி சேர்ந்தால் எதிரணி தோற்றுத்தான் எழும். போன மாதம் வரை அப்படித்தான் இருந்தது.

இப்போது எலிஹியோவுக்குக் கையிலுள்ள வெள்ளைக் கட்டைகளைப் பார்க்கவே பயம். கட்டையில் உள்ள கறுப்புப் புள்ளிகள் போதாதென்று கண்ணுக்குள்ளும் புள்ளிகள் நீந்தின. பார்வையைத் திருப்பினால் கூடவே ஓடிவந்தன. கண் டாக்டர் சோதித்துவிட்டு, "வயசானா வர்றதுதான், பயப்படாதீங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். சொன்னதும் பயம் போய்விடுமா? இல்லாததைப் பார்த்துப் பேசித் திரிந்த தன் அண்ணனை இதே தெரு கிறுக்கன் என்று துரத்தியது. தனக்கும் அதுதான் ஆரம்பித்துவிட்டதென்று, மனைவியிடம்கூட மூச்சு விடாமல், சோறு இறங்காமல் தவித்தார்.

"போடுய்யா! கட்டைய அடைகாக்குறியா?" எதிரணியில் இருந்த சிப்ரியான் கத்தினான்.

புள்ளிகள் மொய்த்தன. எப்படியாவது தப்பித்தால் போதும் என்று எலிஹியோ மேசையைத் தட்டினார். போடக் கட்டை இல்லை என்று அர்த்தம். ஆட்டம் முடிந்து மிச்சக் கட்டைகளைத் திருப்பிப் பார்த்தால், போட வேண்டிய கட்டை அவரிடமே இருந்தது.

"பொய்த் தட்டு தட்டுறானே! அண்ணன் மாதிரி இவனுக்கும் கழண்டு போச்சா?" என்றான் சிப்ரியான்.

எலிஹியோ எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பாசிலியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான்? சொல்லித் தொலையேன்."

"கண்ணுக்குள்ள பூச்சி பறக்குதுடா, எந்நேரமும். எனக்குப் புத்தி பெரளுது."

"அட மடையா! எனக்கு நாலு வருசமா பறக்குது. நான் ஆட்டத்தப் பாக்குறேன், நீ பூச்சிய எண்ணுற."

சிப்ரியான் தலையைச் சொறிந்தான். "எனக்கும் ஒண்ணு இருக்கு. வாலோட."

"அப்புறம் ஏண்டா வாயத் தொறக்கல?" என்றார் பாசிலியோ.

"தொறந்தா நீங்க சும்மா விடுவீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. பாசிலியோ நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

"உக்காரு. திடீர்னு நெறைய பறந்தாலோ, கண்ணுக்குள்ள மின்னல் வெட்டினாலோ அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடு. பயமா இருந்தா எங்ககிட்ட வா."

எலிஹியோ உட்கார்ந்தார். புள்ளி இன்னும் மிதந்துகொண்டுதான் இருந்தது. கட்டைகளைக் கலக்கியபடி மெல்லக் கேட்டார்: "எங்கண்ணனும் பயந்துதான்டா இருந்திருப்பான். 'என்னப்பா ஆச்சு'ன்னு ஒருத்தராச்சும் கேட்டோமா? பயந்தவனப் பாத்துச் சிரிக்கிறோம் பாரு, அதுதான்டா நோயி."