படுத்திருக்க வேண்டிய பாட்டில்

“நிஜமாவே நல்லா இருக்காப்பா?”

எட்டு வயதில் அவள் கேட்ட கேள்வி அது. அப்பாவின் பிறந்தநாளுக்கு அவளே அடுப்பில் ஏற்றிய கறி, கரிக்கட்டையாக இறங்கியிருந்தது. பெரிய உணவகம் ஒன்றில் மேசை மேசையாகப் போய், எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்வது அப்பாவின் வேலை. அன்று அவர் அடர்ந்த சிவப்பு ஒயினை ஊற்றிக்கொண்டு, தட்டில் ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தார். “இந்த ஒயினுக்கு இப்படிக் கருகினாத்தான்டா பொருத்தம்” என்றார். மறுநாள் முழுக்க அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது, பல வருடம் கழித்து அத்தை சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

இப்போது அவள் ஒரு பாட்டிலின் தக்கையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த வருடத்து ஒயின். அவள்தான் முதலில் குடித்துச் சொல்ல வேண்டும் என்று அப்பா பொத்திப் பொத்தி வைத்தது. இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அப்பாவின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். வாயில் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, புரையேறிவிடும்.

“முடியாம கிடக்கிறவன் ரூம்ல சாராயக் கடையா?” என்றாள் கதவருகே நின்ற அத்தை.

“உனக்கும் ஒரு வாய் வேணுமாக்கா?” என்றார் அப்பா. அதற்கே மூச்சு வாங்கியது.

தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்து வந்தது. கோப்பை நிறைய ஊற்றி முகர்ந்தாள். வினிகர்.

அலமாரியின் மேல் தூசிக்கு நடுவே, பாட்டில் நின்ற இடம் வட்டமாகத் தெரிந்தது. அப்பா அதைப் படுக்க அல்லவா வைத்திருந்தார்? ஒயின் தொட்டுக்கொண்டே இருந்தால்தானே தக்கை காயாது! அவள் பார்வை போன இடத்தை அத்தையும் பார்த்தாள்.

“உருண்டு விழுந்துடுமேன்னு நான்தான்டி நிமித்தி வெச்சேன். அவன் படுக்கையில விழுந்தப்பவே, மூணு வருஷமாச்சு,” என்றாள் அத்தை காதோடு. “ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்லத்த.”

கெட்டுப்போன ஒயினை நல்லது என்று சொல்லச் சொன்ன முதலாளியிடம், முடியாது என்று சொல்லி வேலையை விட்டவர் அப்பா. அவரிடம் போய் எப்படி? அவளுக்கோ பொய் சொன்னால் காது சிவந்துவிடும். கொண்டையை அவிழ்த்து, முடியால் இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். கடவுள் இதை மன்னிக்க மாட்டாரா என்ன? ஒரு வாய் குடித்தாள். தொண்டை எரிந்தது.

“சொல்லு.”

“கறுப்பு பிளம்... அப்புறம் கொஞ்சம் மிளகு.”

“துவர்ப்பு?”

“ஈறுல பிடிக்குது. ஆனா பழைய முரட்டுத்தனம் இல்ல. வயசாயிடுச்சுல்ல, உங்கள மாதிரி.”

சிரிப்பு இருமலாக மாறியது. அவள் பதறி நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

“மீனோட குடிச்சா?”

“ஐயோ, தகரத்த நக்கின மாதிரி இருக்கும்.”

“பின்ன எதோட?”

“கருகின கறியோட.”

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியின் மேல்பக்கத்தை. பிறகு அத்தையை.

“நிஜமாவே நல்லா இருக்கா?”

“நிஜமாப்பா.”

“அப்போ ஊத்தினதுல மிச்சம் வைக்காதே.”

கண்களை மூடிக்கொண்டார். நல்ல பாட்டில் திறந்தால் அப்படித்தான், கண்மூடி ஒரு நிமிடம் கடவுளுக்கு நன்றி சொல்வார். இன்று அது நீண்டுகொண்டே போனது. மார்பு ஏறி இறங்காததை அத்தைதான் முதலில் கவனித்தாள்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்த அத்தை அவள் கையைப் பிடித்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“அது நல்லாத்தானேடி இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுத்த.”

“அந்தக் கிளாஸ்ல இருக்கிறதக் கொட்டிட்டுக் கழுவி வெச்சுடு. யார் காலாவது பட்டுடப் போகுது.”

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறக்கவில்லை. அன்று, எட்டு வயதில், அப்பாவின் தட்டு காலியாகும்வரை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எதிரில் யாரும் இல்லை. நின்றபடியே, முகம் சுளிக்காமல், மடக்கு மடக்காகக் குடித்தாள். கடைசி மடக்கில் வண்டல் மணலைப் போல நாக்கில் பட்டது. அதையும் விழுங்கிவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.