கல் யார் கையில்

எங்கள் ஊர்க் கல்லூரியில் 'முழுமை நலம்' என்று இரண்டு வருடப் பட்டப்படிப்பு ஒன்று இருக்கிறது. அரிசோனாவில் இதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓட்டி இடுப்பு போனதால் நானும் சேர்ந்தேன். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. மூச்சு விட மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டேன்.

ஆசிரியை மார்லிஸின் வகுப்பில் எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். போன்களைக் கதவோரக் கூடையில் போட்டுவிட வேண்டும். இளஞ்சிவப்புக் கல் ஒன்று கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மீறினால் மதிப்பெண் போய்விடும்.

"வலி எதிரி இல்ல, விருந்தாளி. உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க." தினமும் இதுதான் பாடம்.

கடைசித் தேர்வன்று கல் டேனர் கையில் இருந்தது. பிரிந்துபோன காதலி நாயையும் கூட்டிக்கொண்டு போன துக்கத்தை அந்தப் பையன் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று மார்லிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

யாரும் அசையவில்லை. தேர்வில் தேறும் ஆசையில் டேனர் குரலைத் தணித்துக்கொண்டான். "உங்க வலிய நான் மதிக்கிறேன், மார்லிஸ். ஆனா கல்லு இன்னும் என்கிட்டதான் இருக்கு."

"இடது கை மரத்துப்போச்சுப்பா."

"நல்லது. அது கூடவே இருங்க. விருந்தாளிய அவசரப்படுத்தாதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கூடையைக் கவிழ்த்து என் போனைத் தேடி எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவள் உதட்டில் விரல் வைத்து என்னை முறைத்தாள்.

மருத்துவமனையில் அவருக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

மறுமாதம் மார்லிஸ் வகுப்புக்கு வந்து கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"உங்க அமைதிதான் என்னைக் காப்பாத்துச்சு. டேனர், நீ என் கூட இருந்த மாதிரி யாரும் இருந்ததில்ல."

டேனர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தேர்வில் வகுப்பிலேயே அவன்தான் முதல் என்று அறிவிப்பு வந்தது.

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டது யாரு?"

நன்றி சொல்லப்போகிறார் என்று நம்பிக் கையைத் தூக்கினேன்.

"அப்போ கல்லு உங்க கையில இருந்துச்சா, லோவெல்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பயம் உங்கள ஆட்டிவச்சிருச்சு. பரவாயில்ல, தேர்வ அடுத்த வருஷம் திரும்ப எழுதுங்க."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து இதய மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. கல் அவர் மடியில் இருந்தது.