அறையின் ஓசை

படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டாரின் முனகல் சட்டென்று நின்றது சமையலறையில் இருந்தவளுக்குக் கேட்டது. அடுப்பில் கொதித்த டீயை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுடைய அண்ணன் கையில் பிளக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, அத திரும்ப மாட்டு.”

“இனிமே எதுக்கும்மா?” அண்ணன் கட்டிலைப் பார்த்தார். அவள் கணவர் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். காலை ஆறு மணிக்கு மூச்சு நின்றது. இப்போது மணி பதினொன்றரை. “வாடகைக் கட்டில எடுத்துட்டுப் போக ஆளுங்க கீழ நிக்கிறாங்க. மாப்பிள்ளைய ஹால்ல படுக்க வச்சிட்டா அவங்க வேலை முடிஞ்சிடும்.”

“நிக்கட்டும். மாட்டுன்னு சொல்றேன்ல.”

அண்ணன் மாட்டினார். மோட்டார் மறுபடி முனகியது. புருஷன் போன துக்கத்தில் தங்கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் முடிவுகட்டியது முகத்திலேயே தெரிந்தது.

ஆகவில்லை. அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அவ்வளவுதான்.

இருபது வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவள், அதை மூடியபின், நாற்பத்தாறு வயதில் ஒலிப்பதிவு படிக்கப் போனாள். வகுப்பில் எல்லாரும் அவளை ஆன்ட்டி என்றார்கள். வாத்தியாருக்கே அவள் மகள் வயதுதான். பள்ளிக்கூட வேன் ஓட்டிய கணவரைத் தெருவே வேன்காரர் என்றுதான் கூப்பிடும். ஒரே அதட்டலில் முப்பது பிள்ளைகளைக் கப்சிப்பென்று உட்கார வைக்கிற தொண்டை. அந்தத் தொண்டையில்தான் நோய் வந்து உட்கார்ந்தது.

தூர ஊரில் வேலைக்குப் போன மகளிடம் அவர் மூன்று மாதமாகப் பேசவில்லை. போகாதே என்று முதலில் சண்டை போட்டவர்தான். ஆனால் அந்தக் கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. வாயைத் திறந்தால் இருமல் வரும், அதை மகள் கேட்டுவிடுவாள் என்பதால் போனைத் தொடவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். நோயின் பெயரையும் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்பா இன்னும் கோபமாக இருக்கிறார் என்று அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டே போனை வைத்தாள்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“நீ மைக்க வை. நான் பேசறேன். இருமலையெல்லாம் வெட்டித் தூக்கிட்டு அனுப்பு. உன் படிப்புக்கு ஒரு உபயோகம் வேணாமா?”

பதினொரு நாள், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். நாற்பத்துமூன்று இருமல்களையும் அவள் வெட்டினாள். வெட்டிய இடமெல்லாம் ஓட்டையாக நின்றது. திடீர் திடீரென்று காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. அந்த ஓட்டைகளை அடைக்க, யாரும் பேசாத அறையின் ஓசை ஒரு நிமிடம் வேண்டும். ரூம் டோன் எடுக்காமல் மைக்கைக் கழற்றாதீர்கள் என்று வாத்தியார் முதல் வகுப்பிலேயே அடித்துச் சொன்னதுதான். அவள் மறக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒரு நிமிடத்தைப் பதிவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். இன்று கட்டிலும் மோட்டாரும் போய்விட்டால் அந்த அறையே இல்லை. அப்பாவுக்கு முடியவில்லை என்று மட்டும் நேற்றே சொல்லி வரவழைத்த மகள் வேறு ரயிலை விட்டு இறங்கி வந்துகொண்டிருக்கிறாள்.

மைக்கைத் தாங்கியில் மாட்டிக் கட்டிலருகே வைத்தாள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினாள். ஹாலுக்குப் போய்க் கூடியிருந்தவர்களின் போன்களை எல்லாம் ஒரு வாளியில் வாங்கிக் குளியலறையில் வைத்துக் கதவை மூடினாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருக்கணும்.”

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “மனுஷன் போய்க் கிடக்கிறான், நீ மைக்கத் தூக்கிட்டு வர்றியே. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“சொல்லட்டும். ஒரு நிமிஷம் கழிச்சு சொல்லட்டும்.”

வேன்காரரின் அக்கா விசும்பிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, ஒரே நிமிஷம். அவர் பேசினத உங்க மருமகளுக்குக் கொடுக்கணும். அவர்தான் கேட்டாரு.”

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அதைப் பார்த்த அண்ணன் ஆட்டம் அடங்கி, உதட்டில் விரலை வைத்து மற்றவர்களை அடக்கத் தொடங்கினார்.

அவள் ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டாரின் முனகல். சுவர்க் கடிகாரம். தெருவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி. எண்கள் ஓடின. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ குறைந்தது. முப்பதாவது நொடியில் உறைத்தது. பதினொரு நாள் பதிவிலும் பேச்சுக்கு நடுவே ஒரு மூச்சு இழுபட்டுக்கொண்டே இருந்தது. பெரிய, கரகரத்த மூச்சு. இந்த அறையில் அது இல்லை. இதைக் கொண்டு ஓட்டையை அடைத்தால், இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒவ்வொரு முறையும் அவர் செத்துச் செத்துப் பிழைப்பார். அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. இவ்வளவு பேரையும் அடக்கிவிட்டு அவளே சத்தம் போட முடியாது.

வாசலில் நிழல் விழுந்தது. தோளில் பையோடு மகள். வீடு நிறைய ஆட்கள், ஒருவர் வாயிலும் பேச்சில்லை. அண்ணன் அவளுக்கும் விரலைக் காட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்து அறைக்குள் வந்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

“கடைசி வரைக்கும் எங்கிட்ட பேசலியேம்மா,” என்றாள், காற்றாக.

அம்மா பதிவை நிறுத்தினாள். கருவியில் இரண்டு கோப்புகள் இருந்தன. வெட்டி ஒழுங்குபடுத்தியது ஒன்று, வெட்டாதது ஒன்று. அவள் கை ஒரு கணம்தான் தயங்கியது. வெட்டாததைத் திறந்தாள்.

“பேசியிருக்காரு. இருமல் கேக்கும். நீ கேக்கக் கூடாதுன்னு சொன்னாரு. நான் அவர் பேச்ச மீறறேன்.”

ஹெட்போனைக் கழற்றி மகளின் தலையில் மாட்டினாள். ஹாலில் யாரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஹெட்போனுக்கு வெளியே எதுவும் கேட்காது. அம்மாவுக்குத்தான் ஒவ்வொரு நொடியும் மனப்பாடம். ‘பாப்பா’ என்று கூப்பிடுவார். கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல என்பார். பதினான்காவது நொடியில் முதல் இருமல்.

மகள் இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.