இராயப்பனும் போலீஸ்காரரின் இறக்கையும்

முப்பதுகளில் பினாங்கில் சொந்தக் கார் வைத்திருந்த தமிழ்க் கிராணிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் கட்டைவிரல் தான்தான் என்பது இராயப்பனின் எண்ணம். கப்பல் கம்பெனி ஒன்றில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை தன் காரைத் தானே ஓட்டி வருவதைக் கண்ட நாள்முதல், சின்னையா என்ற டிரைவரை வைத்திருப்பது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. சின்னையாவை நிறுத்திவிட்டு லைசென்ஸ் எடுத்தார். பரீட்சை நடந்த சாலை நேராக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். ஊரின் மற்றச் சாலைகள் அப்படி இல்லாதது ஊரின் துரதிர்ஷ்டம்.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா. அதற்குப் பங்குச் சாமியாரைத் தானே காரோட்டி அழைத்துப் போவதாகக் கோயில் வாசலில் எல்லோரும் கேட்க வாக்குக் கொடுத்திருந்தார். சாமியார் மறுக்கவில்லை. அவர் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளைப் பற்றி நிறையப் படித்தவர்.

ஜூன் மாதத்தில் ஒரு கல்யாண விருந்து. துரையும் வந்திருந்தார், அவர் மேசையில் இராயப்பனுக்கும் நாற்காலி கிடைத்தது. பிராந்தி வந்தது. இராயப்பனின் வயிறு பார்லித் தண்ணீருக்கு மேல் எதையும் தாங்காது. ஆனால் துரைக்கு எதிரில் வேண்டாம் என்று சொல்வதற்கு நாக்கு எழவில்லை. எனவே துரை வேறு பக்கம் திரும்பும்போதெல்லாம், கோட்டுக் கைக்குள் சுருட்டிய கைக்குட்டைக்கு ஒரு வாய், பக்கத்துப் பூந்தொட்டிக்கு ஒரு வாய் என்று மூன்று கிளாஸையும் நாகரிகமாகக் காலி செய்தார். துரை அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அந்த நாளில் சாலை நடுவே சிறு மேடையில் நிற்கும் போலீஸ்காரர்கள், ஊர்ப் பேச்சில் மாத்தாக்கள், கையை நீட்டி நீட்டி வலிக்காமலிருக்க, பிரம்பில் முடைந்த இறக்கைகளை முதுகில் கட்டிக்கொள்வார்கள். பர்மா ரோடு முனையில் நின்ற கமாலின் வலது இறக்கையை இராயப்பனின் கார் கொண்டுபோய்விட்டது. ஆளுக்குக் காயமில்லை. கார் சாக்கடையில் இறங்கி நின்றது. கதவைத் திறந்ததும் பிராந்தி வாடை முதலில் இறங்கியது, பிறகு இராயப்பன். ஸ்டேஷனில் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நடக்கச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய புது பூட்ஸ் கடித்துக்கொண்டிருந்ததால், கோடு ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்குப் பதிவாயிற்று. நிரூபணமானால் அபராதம், அதோடு லைசென்ஸும் போய்விடும் என்றார்கள். லைசென்ஸ் போனால் சாமியாருக்குக் கொடுத்த வாக்கும் போய்விடும்.

வெள்ளைக்கார லாயர் நின்றால் மாஜிஸ்ட்ரேட்டே எழுந்து நிற்பார் என்று நண்பர்கள் சொன்னார்கள். பீச் ஸ்திரீட்டில் அப்படி ஒருவரைத் தேடிப் போய் வெகுநேரம் காத்திருந்தார். லாயர் தலை நிமிராமலே கேட்டுவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். துரை மேசையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பதுதான் இராயப்பனுக்கு வருத்தம்.

மனைவி டோரதி சொல்லி, பிஷப் ஸ்திரீட் மாடியில் இருந்த மீரா சாகிப் வக்கீலிடம் போனார். மீரா சாகிப் கேள்வி கேட்கிறவர்.

"எத்தனை கிளாஸ்?"

"மூணு."

"உள்ள போனது எவ்வளவு?"

இராயப்பன் ஜன்னலைப் பார்த்தார். "ஒண்ணும் போகல."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த நாற்காலியில உட்கார்ந்தவங்க எல்லாரும் குடிக்கலன்னுதான் சொன்னாங்க. நிஜமாவே குடிக்காதவர் நீங்க ஒருத்தர்தான். ஜெயிச்சிடலாம் கிராணி ஐயா. கூண்டுல ஏறி, துரை குடுத்ததைத் தொட்டியில ஊத்துனேன்னு சொல்லிடுங்க."

"அவர் காதுக்குப் போகுமே."

"போகத்தான் செய்யும். அப்புறம், குடிக்காத ஆள் ஏன் மாத்தாமேல மோதினார்னு கேப்பாங்க. அதுக்கு உங்க பழைய டிரைவர் சின்னையாவைக் கூப்பிடலாம். ஐயா எப்பவுமே இப்படித்தான் ஓட்டுவாருன்னு சொல்வாரு. உண்மைதானே?"

இராயப்பன் யோசித்தார். ஒரு வழியில் போனால், துரைக்குச் சமமாகக் குடித்துத் தடுமாறிய பெரிய மனுஷன். மறு வழியில், பிராந்தியைப் பூச்செடிக்கு வார்த்த, காரைத் திருப்பத் தெரியாத கிராணி. லைசென்ஸ் மறு வழியில்தான் இருந்தது.

"குத்தத்தை ஒத்துக்கிறேன்" என்றார்.

"செய்யாத குத்தத்தையா?"

"பெரியவங்க செய்யிற குத்தம்தானே."

"உங்க இஷ்டம். ஆனா கோர்ட்டுல மத்தவங்க வாயை நான் கட்ட முடியாது லா."

வழக்கு நாளில் இராயப்பன் தலை நிமிர்ந்து, பட்டம் வாங்குகிறவர்போல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை சொல்லுமுன் நடந்ததைச் சொல்லும்படி மாஜிஸ்ட்ரேட் கமாலிடம் கேட்டார். கமால் நேர்மையான மனிதர். அந்தக் காரைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றார். தினமும் காலையில் அது வருவதைக் கண்டதும் மேடையை விட்டு இறங்கி ஒதுங்கிவிடுவாராம். அன்று தன் முதுகுப் பக்கமிருந்து வந்ததால் பார்க்கவில்லையாம். அப்படியானால் காலையிலும் இவர் குடித்திருப்பாரா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

"இல்லை துவான், காலையில வாடையே இருக்காது. ஓட்டுறது மட்டும் இதே மாதிரிதான்."

மலாயில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் உரக்கச் சொன்னார். இரண்டு மொழியிலும் சிரிப்பு எழுந்தது. மீரா சாகிப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்ததற்கு அபராதம், ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் ரத்து. அதன்பிறகும், பாசார் கூடும் நேரத்தில் பர்மா ரோட்டிலேயே ஓட்டிக் காட்டித் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும்.

திருவிழாவன்று சின்னையா கூடுதல் சம்பளத்தோடு திரும்ப வந்து ஓட்டினார். முன்சீட்டில் சாமியார். ஏறும்போது அவர் சிலுவை போட்டுக்கொண்டது வெறும் பழக்கம்தான். பின்சீட்டில் டோரதி முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு ஊரைப் பார்த்தாள். பர்மா ரோடு முனையில் புது இறக்கையோடு நின்ற கமால், காரைக் கண்டதும் மேடையிலிருந்து ஒரு காலை இறக்கினார். ஓட்டுவது யார் என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டு, சின்னையாவுக்கு ஒரு சலாம் வைத்தார்.

பின்சீட்டிலிருந்து இராயப்பன் மெல்லத் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.