முதல் துண்டு

அன்று மாலை எங்கள் மொட்டை மாடியில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். நான், என் தம்பி, அவன் மனைவி, அவர்கள் மகள். எதிர்த் தரப்பில் மாப்பிள்ளைப் பையன், அவன் அம்மா, அவன் அப்பா. அலுவலகத்தில் ஏதோ ஒரு காலத்தில் பந்து விளையாடும் அணிக்குத் தலைவராக இருந்ததால் அந்த அப்பாவை ஊரே கேப்டன் என்று கூப்பிடுகிறது. அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறார். வேறு யாரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், துணி எடுக்க வந்த சாக்கில் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து மாடிக்காரர்கள்.

வந்தது கல்யாணத் தேதி பேசுவதற்கு. பெண் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர் பழமோ இனிப்போ கொண்டுவருவார். கேப்டன் கார் டிக்கியிலிருந்து பாதியாகப் பிளந்த ஒரு இரும்புப் பீப்பாயை இறக்கினார். அதற்கு இரும்புக் கால் வைத்து வெல்டிங் செய்திருந்தது. பின்னாலேயே ஒரு மூட்டை மரக்கரி, ஒரு வாளி நிறைய மசாலாவில் ஊறும் கோழி.

"இன்னிக்கு உங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் அடுப்படிப் பக்கம் போகக்கூடாது. எல்லாம் நம்ம கைவண்ணம்" என்றார்.

விருந்தாளி வந்து நமக்குச் சமைத்துப் போடுவது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, இவர் சமையல்ல உப்பு இல்லைன்னு கேட்ட ஒரே குத்தத்துக்குச் சொந்தத் தம்பி வீட்டு வாசலையே மிதிக்காத மனுஷன். இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதே."

தம்பி மகள் அதைவிடத் தெளிவாகச் சொன்னாள். "அத்தை, அவர் என்ன செஞ்சாலும் சிரிச்சுக்கிட்டே இருங்க. இந்தக் கல்யாணம் நின்னா எனக்கு வேற கல்யாணம் வேண்டாம்." பையன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். அடக்கமானவன். அவனிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

சரி என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கேப்டன் கரியைக் கொட்டி, அதன் மேல் மண்ணெண்ணெயை ஊற்றினார். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது. அதன் மேல் வைக்கக் கம்பிவலையை எடுத்தார். போன தடவை சுட்டதன் கொழுப்பு அதில் பிசினாகக் காய்ந்திருந்தது. அதில் ஒரு எறும்பும் ஒட்டியிருந்தது. தோளில் கிடந்த துண்டால் வலையை ஒரு துடை துடைத்து, அந்தத் தீயின் மேலேயே வைத்தார். அதே துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்தார். அக்குளுக்கும் ஒரு தடவை போய் வந்தது அந்தத் துண்டு. பிறகு அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டு வாளிக்குள் கையை விட்டார்.

பச்சைக் கோழியை எடுத்து ஒரு தட்டில் அடுக்கினார். தட்டின் அடியில் ரோஜா நிறத்தில் தண்ணீர் தேங்கியது. துண்டுகளைத் தீயில் போட்டதும் தோல் ஒரு நொடியில் கருகிப்போனது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரியான ஒரு பிரஷ்ஷை வாளியின் பச்சை மசாலாவில் தோய்த்து, வெந்ததன் மேல் தடவினார். கருகியதை எடுத்து, ரோஜாத் தண்ணீர் நிற்கும் அதே தட்டில் திரும்ப வைத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் அம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நானும் பையனும் வீட்டுலயே சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்."

"ஏன்?"

"அவர் சுட்டதை நாங்க தின்னறதில்லை. வாயில வச்ச மாதிரி வச்சு, கைக்குட்டையில எடுத்துருவோம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான் ஓடுது."

"அவர்கிட்ட சொல்லலாமே."

"சொன்னா மனுஷன் படுத்துருவாரு. வேலையிலேர்ந்து வந்தப்புறம் அவருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்." பிறகு கைப்பையைத் திறந்து என்னிடம் நீட்டினார். "உங்களுக்கும் ஒரு கைக்குட்டை வச்சிருக்கேன்."

தாங்கள் தின்னாததை நாங்கள் தின்னட்டும் என்று மாடியேறி வந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் பாசமாம். எனக்கு அந்தத் தட்டைவிட அந்தக் கைக்குட்டைதான் அதிக அருவருப்பாக இருந்தது.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெருப்பிலிருந்து இறங்கும் முதல் துண்டை வீட்டில் மூத்தவர் தின்ன வேண்டும். அவர் விழுங்கிய பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். பார்க்கிறவர்கள் இதை மரியாதை என்று நினைக்கிறார்கள். அது மரியாதை இல்லை, ஜாமீன். எங்கள் அப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரில் கரி அடுப்பில் கோழி சுட்டு விற்றவர். முதல் துண்டைத் தான் தின்னாமல் எவருக்கும் கொடுக்க மாட்டார். அவர் கையால் தின்று ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை. எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற கௌரவம் அது ஒன்றுதான். தம்பி அதைச் சம்பந்தி வீட்டாரிடம் "அப்பா உணவுத் துறையில இருந்தார்" என்று சொல்லி வைத்திருந்தான்.

அப்பா போன பிறகு மூத்தவள் நான்தான். கேப்டன் ஒரு தொடையை முள்கரண்டியில் குத்தி என்னிடம் நீட்டினார்.

"முதல் மரியாதை அத்தைக்குத்தானாமே. எடுத்துக்குங்க."

வெளியே அடுப்புக்கரி, உள்ளே எலும்பு ஓரமாகப் பச்சை ரத்தம். மண்ணெண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது. தம்பி மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் அம்மா கைக்குட்டையை என் மடியில் வைத்தார். தின்ற மாதிரி நடித்தால் கல்யாணம் நிற்காது. ஆனால் என் ஜாமீனை நம்பித் தம்பியும் அவன் மனைவியும் இவளும் அதைத் தின்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் பீப்பாய் திரும்ப டிக்கிக்குள் போகும், கல்யாணமும் அதோடு போகும்.

நான் எழுந்தேன்.

"கேப்டன், எங்கப்பா தெருவுல கரி அடுப்பு வச்சுக் கோழி சுட்டு வித்தவர். இந்தப் புகை மூக்குல ஏறினா எனக்குக் கை நிக்காது. அந்த இடுக்கியைக் கொஞ்ச நேரம் எங்கிட்ட கொடுங்க."

தம்பியின் முகம் சுருங்கிப்போனது. நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

"அட, நம்ம இனம்னு சொல்லுங்க" என்று கேப்டன் இடுக்கியைக் கொடுத்தார். "ஆனா நான் எல்லாம் பதமா வச்சிருக்கேன். கெடுத்துராதீங்க."

"கெடுக்க மாட்டேன்."

கோழியை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கரியை ஒரு பக்கமாகக் குவித்தேன். மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்து, தீ அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை நின்றேன். வலையைக் கங்கின் மேல் காயவிட்டுக் கம்பித் தூரிகையால் சுரண்டினேன், எறும்பும் போனது. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூடான வலையில் தேய்த்தேன்.

"வெங்காயத்தை எதுக்கு வீணாக்குறீங்க?" என்றார் கேப்டன்.

"ஒட்டாது."

"ஒட்டினாதான் ருசி, அத்தை."

சிரித்தேன். தம்பி மகள் அப்படித்தானே கேட்டிருந்தாள்.

துண்டுகளைக் கங்கு இல்லாத பக்கத்தில் தோல் மேலாக வைத்து, ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து மூடினேன். வாளியை மசாலாவோடு கீழே அனுப்பிவிட்டு, "உப்பும் எலுமிச்சையும் கொண்டா. தட்டு சூடேறிடுச்சு, வேற தட்டும் கொண்டா" என்றேன். தம்பி மகள் அந்தப் பழைய தட்டை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு போனாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

உள்ளே வெந்த பிறகு ஒவ்வொன்றாகக் கங்கின் பக்கம் நகர்த்தினேன். கொழுப்பு சொட்டியது. கங்கு சீறியது. தோல் தேன் நிறத்துக்கு வந்து ஓரங்களில் பொரிந்தது. வெறும் மரக்கரிக்கு என்று ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெய் போன பிறகுதான் அது வரும். அந்த மாலையில் எனக்கு அருவருப்பு இல்லாத நேரம் அது மட்டும்தான். எலும்பு ஓரத்தில் கம்பியைக் குத்திப் பார்த்தேன். தெளிந்த நீர் வந்தது.

இவ்வளவு நேரமும் கேப்டன் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஒரு துண்டுக்கு இவ்வளவு பாடா? ரொம்பப் பசியில இருக்கீங்க போல."

எங்கள் வீட்டில் பசி என்று விருந்தாளி முன்னால் சொன்னவர் கிடையாது.

"ஆமா" என்றேன்.

அவருக்கு மிகுந்த சந்தோஷம். முதல் துண்டை எடுத்தேன். எல்லோரும் பார்க்கத் தின்றேன், விழுங்கினேன். கைக்குட்டையை மடித்து அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"நீங்களும் சாப்பிடுங்க அண்ணி. இதை முழுங்கலாம்."

வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த அம்மாவும் பிள்ளையும் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார்கள். பையன் எலும்பைக்கூட விடவில்லை. கேப்டன் அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

"பார்த்தீங்களா, எல்லாம் நம்ம மசாலா" என்றார்.

தேதி குறித்தோம். அவர் மாடியிலிருந்து பீப்பாயை இறக்கும்போது அந்த வியர்வைத் துண்டை எங்கள் கொடியில் மறந்துவிட்டுப் போனார். நான் அதை இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

இப்போது இரண்டு குடும்பத்திலும் ஒரு பேச்சு சுற்றுகிறது. பெண்ணின் அத்தைக்குக் கரியில் சுட்ட கோழி என்றால் உயிராம். பொறுக்க முடியாமல் சம்பந்தி கையிலிருந்து இடுக்கியைப் பிடுங்கி, பாதிக் கோழியை நின்றபடியே தின்று தீர்த்தாளாம். அதனால் கல்யாணத்தன்றும் கேப்டன் பீப்பாயோடு வருகிறாராம்.

நான் இடுக்கியைக் கேட்டுத்தான் வாங்கினேன். தின்றது ஒரே ஒரு துண்டு. அதைச் சுட்டவள் நான்.