மொட்டைவால் இறங்கிவிட்டது

பொழுது சாயும்போது மொட்டைவால் காட்டைவிட்டு இறங்கியது. அந்த யானையின் கழுத்துப் பட்டையிலிருந்து வந்த சிக்னல் சிவப்புப் புள்ளியாகத் திரையில் நகர, வனத்துறைக் கண்காணிப்பு அறையில் இருந்தவள் பட்டனைத் தட்டினாள். ஓடைக்கரைத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி பறந்தது: யானை வருகிறது, வெளியே வராதீர்கள். இந்த ஏற்பாடு அவள் யோசனைதான். வீட்டிலேயே முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஓடைக்கரையில் சோளம் போட்டிருந்த அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"பாப்பா, மெசேஜ் வந்துச்சு. லைனை மாட்டிட்டேன்."

"எந்த லைன்?"

"வேலிக்கம்பிக்குத்தான். முன்னெல்லாம் ராத்திரி பூரா கரண்டைப் போட்டுட்டு, எவன் கண்ணுல படுமோன்னு பயந்து சாவோம். இப்ப நீ சொல்றப்ப மட்டும் போட்டாப் போதும். இங்க எல்லாரும் அப்படித்தான். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறாங்க!"

ஆக, இத்தனை நாளும் கொலைக்கு நேரம் குறித்துக் கொடுத்தவள் அவள்தான்.

"கழட்டுண்ணே! செத்துரும்!"

"சோளம் போனா நீ சோறு போடுவியா? படிச்ச திமிரு." வைத்துவிட்டான்.

புள்ளி ஓடையைத் தாண்டியது. துணைமின்நிலையத்துக்குப் போன் அடித்தாள்.

"சார், ஓடைக்கரை லைனை உடனே ஆஃப் பண்ணுங்க. வேலியில கரண்ட் விட்டிருக்காங்க."

"சும்மா சொன்னா ஆச்சாம்மா? ஊரே இருட்டாயிடும். யாரு தோட்டம்னு சொல்லு, கேஸ் எழுதணும்."

சொன்னால் அண்ணன் கம்பி எண்ணுவான். அண்ணி முகத்தில் இனி எப்படி விழிப்பது? புள்ளி சோளக்காட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணன் தோட்டம்," என்றாள். "முதல்ல ஆஃப் பண்ணித் தொலைங்க, அப்புறமா எழுதுங்க!"

எதிர்முனையில் 'டொக்'கென்று ஒரு சத்தம்.

புள்ளி நின்றுவிட்டது. அசையவே இல்லை. அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு அது மெல்ல நகர்ந்தது; காட்டுக்குள் அல்ல, அண்ணனின் சோளத்துக்குள் நுழைந்தது. உயிரோடு.

மறுபடி அண்ணன். குரல் கிசுகிசுத்தது. "கரண்ட் போச்சு பாப்பா. உள்ள பூந்துருச்சு. மோட்டார் ரூம்ல மாட்டிக்கிட்டேன்."

"கதவைச் சாத்து. டார்ச் அடிக்காத. சத்தம் காட்டாத."

"...நிறுத்தினது நீயா?"

"நான்தான். இப்ப வாயை மூடுண்ணே, பக்கத்துல நிக்குது. அது போனதும் திட்டு."

அவன் போனை வைக்கவில்லை. சோளத்தட்டை முறியும் சத்தத்துக்கு நடுவே அவன் மூச்சு அவள் காதில் இரைந்துகொண்டிருந்தது.