இளைக்காத ஈரல்

பேருந்து அன்று நாற்பது நிமிடம் முன்னதாக, ஐந்தேகாலுக்கே, ஆராய்ச்சிக்காரியைத் துறைமுக வாசலில் இறக்கிவிட்டது. ஓட்டுநருக்கு வீட்டில் என்ன அவசரமோ.

ஏலக்கூடத்தின் கடைசி மூலையில், மீன் வெட்டும் கத்தியக்கா ஒரு சுறாவின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் ஆராய்ச்சிக்காரி வந்து சேரும்போது வெட்டெல்லாம் முடிந்திருக்கும். ஒவ்வொரு பெண்சுறாவின் ஈரலும் கருப்பையும் தனி வாளியில் இருக்கும். மேலே ஒரு சீட்டு. அதில் மீனின் எண், வெட்டுவதற்கு முன் ஏலக்காரர் போட்ட எடை. அவள் ஈரலை எடைபோடுவாள், கருப்பையைத் திறந்து பார்ப்பாள், குறிப்பேட்டில் எழுதுவாள். பத்து மாதம், நூற்று நாற்பத்து மூன்று மீன்.

சுறா தன் கொழுப்பைச் சேர்த்துவைப்பது ஈரலில்தான். பெண்சுறா சில மாதங்கள் தின்று அதைப் பெருக்கும். பிறகு முட்டைக்கும் குட்டிக்கும் அதிலிருந்தே எடுத்துக் கொடுத்து இளைக்கும். அது இளைக்கும் மாதங்கள் தெரிந்தால், அந்த மாதங்களில் வலை வீச வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் ஈரல் எடைகளை வைத்து அவள் வரைந்த கோடு பத்து மாதமும் மேசை விளிம்பு மாதிரி நேராகக் கிடந்தது. புதுக் கண்டுபிடிப்பு என்று பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோட்டை வைத்து, மீன்பிடித் தடை தேவையில்லை என்று மீன்வளத் துறையின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவாகப்போகிறது.

ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பவர் பீப்பாயோடு நின்றிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. உங்களாலதான் என் பொழப்பு படுத்துப்போச்சு."

"நான் என்ன பண்ணேன்?"

"கொழுத்த ஈரலெல்லாம் உங்க வாளிக்கு, நோஞ்சானெல்லாம் எனக்கு. நான் என்ன மாற்றாந்தாய் பிள்ளையா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

கத்தியக்கா சுறாவின் வயிற்றிலிருந்து ஈரலை உருவினாள். கறுத்துத் தொங்கியது. உதட்டைப் பிதுக்கிப் பீப்பாயில் வீசினாள். பக்கத்தில் வெட்டிப் போட்டிருந்த ஆண்சுறாவின் மஞ்சள் ஈரலை எடுத்து வாளியில் போட்டு, மேலே சீட்டை வைத்தாள்.

"அக்கா, அது இந்த மீனோடது இல்லையே!"

"இது சினைச்சுறாடி. ஈரல் பழந்துணி மாதிரி கிடக்கு. படிக்கிற பொண்ணுக்கு அதையா குடுப்பேன்?"

"எத்தனை நாளா மாத்துறீங்க?"

"முதல் நாள்லேர்ந்தே, ஈரலை மட்டும். நான் என்ன கஞ்சப்பிசினாறியா?"

"எந்தெந்த மீனுக்கு?"

"அதையெல்லாம் யாருடி ஞாபகம் வச்சுக்கிட்டா?"

ஆராய்ச்சிக்காரி கவிழ்ந்து கிடந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். குறிப்பேட்டைத் திறந்தாள். மூடினாள். பேராசிரியரை அழைத்தாள். தூக்கக் குரலில் எடுத்தார்.

"சார், ஈரல் எடை அத்தனையும் தப்பு. மீன் ஒண்ணு, ஈரல் இன்னொண்ணு."

சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"பதறாதம்மா. ஒரு பத்து மீன் மாறியிருக்கும். எடுத்துட்டாப் போச்சு."

"எந்தப் பத்துன்னு தெரியாது சார். கருப்பைக் கணக்கு நிக்கும். ஈரலுக்கு மறுபடி ஒரு வருஷம் வேணும்."

"திங்கட்கிழமை நான் என்னன்னு சொல்றது?"

"இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க சார்."

கைபேசியைப் பைக்குள் போட்டாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிப் பீப்பாய்க்குள் கையை விட்டாள்.

"அடப்பாவமே, நோஞ்சானையும் விட மாட்டீங்களா?" என்றார் எண்ணெய்க்காரர்.

மேலாகக் கிடந்ததைத் தூக்கித் தராசில் வைத்தாள். கறுத்த ஈரல் தட்டோடு ஒட்டிக்கொண்டது. அவள் இதுவரை எழுதியதில் மிகக் குறைந்த எடைக்கும் பாதிதான். இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். அதே எடை.

குறிப்பேட்டில் ஈரல் எடைப் பத்திகளைப் பக்கம் பக்கமாக மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்தாள். புதுப் பக்கத்தில் மாதத்தை எழுதினாள். அதற்குக் கீழே 1 என்று எழுதி, எடையைக் குறித்தாள்.

"அக்கா, இனிமே நான் நாலரைக்கே வந்துடுவேன். நான் பார்க்காம ஒரு வயித்தையும் கிழிக்காதீங்க. நோஞ்சானோ குண்டோ, அதுஅதோட ஈரல்தான் எனக்கு வேணும்."

கத்தியக்கா கத்தியைத் தொட்டித் தண்ணீரில் அலசினாள்.

"நாலரைக்கு எந்த பஸ்ஸுடி வருது உனக்கு?"